சென்னையின் சொந்தச் சொத்து எது? – வாசகர் கேள்வி பதில்

சென்னையின் இசை, நூல், ஓவியம், உணவு ஆகியவை குறித்து வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தந்திருக்கிறேன். மற்றவை அடுத்த இதழில் இடம்பெறும்.

ந. கு., தஞ்சாவூர்: சங்கீதமும் சதிராட்டமும் எங்கள் ஊரிலிருந்து போனவை. சிற்றுண்டி ஓட்டல்கள் உடுப்பிக்காரர்கள் வைத்தவை. பேசும் தமிழிலோ பாதிச் சொற்கள் இரவல். சென்னைக்கென்று சொந்தமாக ஒன்றாவது உண்டா, ஐயா?

உங்கள் குற்றச்சாட்டில் முக்கால் பங்கை ஒப்புக்கொள்கிறேன். தஞ்சை மராட்டிய அரசு 1855-இல் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே அரசவையின் ஆதரவு தேய்ந்துகொண்டிருந்ததால் பாடகர்களும் வீணைக்காரர்களும் நடனம் கற்பிக்கும் நட்டுவனார்களும் பட்டணத்துக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களை வரவேற்றுத் தாங்கியவர்கள் மயிலாப்பூர்க்காரர்கள் என்று இன்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் முதலில் தாங்கியவர்கள் முத்தியாலுப்பேட்டையிலும் அதைச் சுற்றியிருந்த தெருக்களிலும் வாழ்ந்த வணிகர்களும், ஆங்கிலேயருக்கு மொழிபெயர்த்த துபாஷிகளுமே. 1867-இல் பிறந்த வீணை தனம்மாள் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை முத்தியாலுப்பேட்டையும் அடங்கிய ஜார்ஜ் டவுனில் கழித்தவர். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வாசிப்பதைக் கேட்க, பாடகர்களே வந்து மூச்சுச் சத்தம் கேட்காமல் உட்கார்ந்திருப்பார்களாம். இப்போது அந்தப் பக்கம் போனால் மூட்டை சுமப்பவர்களின் குரலும் தள்ளுவண்டிகளின் ஓசையும்தான் கேட்கும்.

ஆனால் உங்கள் ஊரிலிருந்து வந்த இசை அதே உருவில் இங்கே இருக்கவில்லை என்பதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அரண்மனையிலும் கோயிலிலும் கல்யாணப் பந்தலிலும் பாடிய கலைஞருக்குக் காசு கொடுத்தவர் ஒருவர், கேட்டவர்கள் வேறு பலர். கேட்பவர்களே சந்தா கட்டிச் சங்கம் அமைத்து, நாற்காலி போட்டு, சீட்டு அச்சடித்து, பாடகரை அழைத்துப் பாடச் சொல்லும் சபா என்ற ஏற்பாடு இந்த நகரம் வளர்த்தெடுத்தது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா 1900-இல் தோன்றியது. 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது அதனோடு சேர்த்து ஓர் இசை மாநாடும் நடத்தினார்கள். அதன் விளைவாக மறு ஆண்டே மியூசிக் அகாடமி பிறந்தது. ஒருவகையில் பார்த்தால் மார்கழி சீசன் அரசியல் மாநாட்டின் பக்க விளைவு என்றுகூடச் சொல்லலாம்.

சீட்டு வாங்கி வந்தவருக்கு நேரக் கணக்கு உண்டு, கடைசிப் பேருந்தைப் பற்றிய கவலையும் உண்டு. ஒரே ராகத்தை இரவு முழுவதும் விரித்துக்கொண்டிருந்தால் அவர் எழுந்து போய்விடுவார். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகள் சிலவற்றைப் பாடி, விரிவான ராகம் ஒன்றை நடுவில் வைத்து, துக்கடாக்கள் என்னும் சிறு பாடல்களில் முடிக்கும் கச்சேரி முறையை நிலைநிறுத்தியது இந்தப் புதிய ரசிகரை மனத்தில் வைத்துத்தான். அவர் பிறந்தது காரைக்குடிக்குப் பக்கத்தில் என்றாலும், அவர் முறைக்கு இடம் கொடுத்தவை சபாக்களே. ஆகவே ராகம் உங்களுடையது, கச்சேரி எங்களுடையது என்று பாகம் பிரித்துக்கொள்வோம். நடனத்துக்கும் இதே கணக்குத்தான். கோயிலையும் அரண்மனையையும் சார்ந்திருந்த சதிரை, 1931-இல் தேவதாசி மரபைச் சேர்ந்த திருவாளப்புத்தூர்க் கல்யாணியின் மகள்களை அழைத்து மேடையேற்றியது அகாடமி. அன்று அது எளிதான காரியமாக இருக்கவில்லை. தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்ற இயக்கம் உச்சத்தில் இருந்த காலம் அது. அதே வேகத்தில் அந்தக் கலையை மரபாகக் காத்து வந்த குடும்பங்கள் மெல்ல மேடையிலிருந்து விலகிப்போனதும் இந்த நகரத்தின் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும்.

முழுக்க முழுக்கச் சென்னைக்கே சொந்தமானது எது என்றால் அது கானா. அதைப் பற்றி வேறொருவர் கேட்டிருக்கிறார். அங்கே சொல்கிறேன்.

ச. மா., வேலூர்: இந்த ஆண்டு முதன்முறையாக மார்கழிக் கச்சேரிகள் கேட்க வர விரும்புகிறேன். எனக்கு ராக ஞானம் கிடையாது. சீட்டு விலையை நினைத்தாலும் தயக்கமாக இருக்கிறது. வரலாமா?

தாராளமாக வரலாம். பெரும்பாலான சபாக்களில் பகல் கச்சேரிகளுக்குச் சீட்டே கிடையாது. வாசலில் யாரும் உங்களை நிறுத்திக் கேட்க மாட்டார்கள். நேராக உள்ளே போய் உட்காரலாம். அந்த நேரத்தில் பாடுகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். மாலை மேடைக்கு இன்னும் வந்து சேராதவர்கள் என்பதால் உயிரைக் கொடுத்துப் பாடுவார்கள். மிருதங்கக்காரரின் தாயார், பாடகியின் குரு, சங்கீதம் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் என முப்பது நாற்பது பேர் உள்ள அரங்கில், மேடைக்கு நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்து கேட்கும் சுகம் பெரிய வித்துவானின் மாலைக் கச்சேரியில் பின்வரிசையில் கிடைக்காது.

ராகம் தெரியாததைக் குறையாக நினைக்க வேண்டாம். முதல் நாள் தாளத்தை மட்டும் கவனியுங்கள். முன்வரிசையில் தொடையில் தட்டிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பார்த்து நீங்களும் கூடவே போடுங்கள். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் ஒருமணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். அடுத்து, சினிமாப் பாட்டில் கேட்டுப் பழகிய சாயல் ஏதேனும் ஆலாபனையில் வருகிறதா என்று பாருங்கள். கல்யாணியும் மோகனமும் சிந்துபைரவியும் உங்கள் காதுக்குப் பெயர் தெரியாமலே முன்பே அறிமுகமானவைதான். பக்கத்தில் இருப்பவரிடம் மெல்ல, பாட்டு முடிந்த பிறகு, ராகத்தின் பெயரைக் கேளுங்கள். சென்னை ரசிகர்களுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் கேள்வி வேறில்லை. சில சமயம் பதில் அடுத்த பாட்டு தொடங்கிய பிறகும் நீளும் என்பது மட்டுமே இதில் உள்ள ஆபத்து.

அதே வாசகர்: தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து கான்டீனுக்குப் போகிறார்களாமே, அது முறையா?

முறையல்ல. ஆனால் வழக்கம். மிருதங்கமும் கடமும் தனியே வாசிப்பதைக் கேட்கும் பொறுமை இல்லாதவர்கள், வரிசை நீளும் முன்பு கீரை வடைக்குப் போய் நிற்பது பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது. நீங்கள் முழுவதும் இருந்து கேளுங்கள். பிரதான உருப்படி முடிந்து துக்கடா தொடங்குவதற்கு இடையில் எழுந்தால் யார் மனமும் நோகாது.

சபா கான்டீன் பற்றி ஒரு வார்த்தை. அதைக் கச்சேரியின் வாலாக நினைப்பது பிழை. கல்யாணச் சமையல்காரர்கள் தங்கள் கைத்திறனைக் காட்டும் மேடை அது. மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் அவர்களுக்கு அந்த மாதம் ஓய்வாக இருந்தது. அந்த ஓய்வைச் சபாக்கள் பயன்படுத்திக்கொண்டன. தை பிறந்தால் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். எனவே வாழைப்பூ வடையையும் அசோகா அல்வாவையும் சாப்பிட வந்தவர்களில் பலர் அடுத்த மாதத்து விருந்துக்குச் சமையல்காரரைத் தேர்ந்துகொண்டு போகிறவர்கள். சீட்டு இல்லாமலே கான்டீனுக்குள் போகலாம் என்பதால், சங்கீதத்தின் பக்கமே திரும்பாமல் இலைச் சாப்பாட்டுக்கு மட்டும் தினமும் வருகிற ஒரு கூட்டமும் உண்டு. அவர்களும் ரசிகர்கள்தாம். அங்கேயும் இந்த ஆண்டு ரசம் போன ஆண்டைப்போல இல்லை என்ற விமர்சனம் எழுகிறது.

இ. ர., சிதம்பரம்: சென்னை சபாக்களில் தமிழ்ப் பாட்டு இன்னும் துக்கடாவாகவே இருக்கிறதே?

உங்கள் ஊரில் தொடங்கிய வாதம் இது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியார் தமிழிசைக்காக எழுப்பிய குரலுக்குச் சென்னையின் வித்துவான்கள் பலர் அன்று முகம் சுளித்தார்கள். இசைக்கு மொழி இல்லை என்றார்கள். மொழி இல்லை என்றால் தெலுங்குப் பாடல்களை மட்டும் ஏன் பாட வேண்டும் என்ற எதிர்க்கேள்விக்கு அவர்களிடம் நல்ல பதில் இருக்கவில்லை. 1943-இல் தமிழ் இசைச் சங்கம் உருவானது. உயர்நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள ராஜா அண்ணாமலை மன்றத்தில் அதன் விழா ஆண்டுதோறும் நடக்கிறது. தேவாரப் பண்களைப் பற்றிய ஆராய்ச்சிக் கூட்டங்களும் அங்கே நடைபெறுகின்றன. நிலைமை முன்பு இருந்ததுபோல இல்லை. பாபநாசம் சிவன், கோபாலகிருஷ்ண பாரதி, முத்துத் தாண்டவர் ஆகியோரின் பாடல்கள் இப்போது நடு உருப்படியாகவே விரிக்கப்படுகின்றன. ஆயினும், பிரதான உருப்படியாகத் தமிழ்க் கீர்த்தனையைப் பாடினால் அதைச் செய்தியாக எழுதுகிறார்களே, அந்தச் செய்தி நிற்கும் வரை உங்கள் குறை நியாயமானதே.

த. பா., மதுரை: சென்னையில் வேலைக்குச் சேர்ந்த என் தம்பி 'அத்தோ' சாப்பிட்டேன், 'அத்தோ' சாப்பிட்டேன் என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருக்கிறான். அது என்ன?

பர்மியச் சொல். கையால் பிசைந்து கலந்தது என்ற பொருளில் அங்கே 'அ-தோ' என்பார்கள். 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளையும் வணிகத்தையும் நாட்டுடைமை ஆக்கியபோது, தலைமுறை தலைமுறையாக ரங்கூனில் வாழ்ந்த தமிழர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கப்பலேறினார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களில் பலர் வியாசர்பாடி போன்ற இடங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். பிழைப்புக்காகத் துறைமுகத்தை ஒட்டிய சாலையோரத்தில் 1969-இல் உருவானதுதான் பர்மா பஜார். வெளிநாட்டுக் கைக்கடிகாரத்துக்கும் டேப் ரெக்கார்டருக்கும் பிற்பாடு பெயர் பெற்ற அந்தக் கடைவரிசைக்குப் பின்னால், மாலை வேளையில் அவர்கள் தங்களுக்காகவே சமைத்துக்கொண்ட உணவுதான் அத்தோ.

அதைச் செய்வதைப் பார்ப்பது சாப்பிடுவதில் பாதி. ஆரஞ்சு நிறத்தில் பருமனான கோதுமை நூடுல்சைக் கிண்ணத்தில் போட்டு, நறுக்கிய முட்டைக்கோசு, பொன்னிறமாக வறுத்த வெங்காயம், பூண்டு மணக்கும் எண்ணெய், புளிக்கரைசல், மிளகாய்த்தூள், உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, 'பேஜோ' என்னும் தட்டை போன்ற ஒன்றை மேலே நொறுக்கிப் போட்டு, கடைக்காரர் வெறுங்கையால் நாலு புரட்டுப் புரட்டித் தருவார். கூடவே சூடாக ஒரு கிண்ணம் வாழைத்தண்டுச் சாறு கிடைக்கும். அவித்த முட்டையைப் பிளந்து வறுத்த வெங்காயமும் காரமும் புளியும் அடைத்துத் தருவதையும் உங்கள் தம்பி விட்டிருக்க மாட்டார். 'மொய்ங்கா' பர்மாவில் மீன் குழம்போடு சேர்ந்த உணவு. இங்கே பல கடைகளில் அது மீன் இல்லாமலே மாறிப்போய்விட்டது.

அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்தக் கடைகள் பெரும்பாலும் தள்ளுவண்டிகளாகவே இருக்கின்றன. உடுப்பிப் பக்கத்திலிருந்து சிறுவயதில் பிழைக்க வந்த கிருஷ்ண ராவ் 1938-இல் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கி, பிறகு அந்தப் பெயரை வெளிநாடு வரை கொண்டுபோனார். 1962-இல் அவர் திறந்த டிரைவ்-இன் ஓட்டல் 2008 வரை எழுத்தாளர்களுக்கும் வேலை தேடுகிறவர்களுக்கும் காதலர்களுக்கும் ஒரு காபிக்கு மூன்று மணி நேரம் நாற்காலி தந்தது. அந்த நிலத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கிறது. திருவல்லிக்கேணியில் சாம்பாரில் மிதக்கும் இட்லிக்குப் பெயர் பெற்ற கடையைத் தொடங்கியதும் வடஇந்தியாவிலிருந்து வந்தவர்களே. இவர்கள் எல்லோருக்கும் கிடைத்த கட்டடமும் பெயர்ப்பலகையும் அத்தோவுக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஒருவேளை கிடைக்காததால்தான் அதன் ருசி அப்படியே இருக்கிறதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆனால் மழையில் நனைந்துகொண்டு வண்டி தள்ளுகிறவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

கோ. வி., ஈரோடு: என் தந்தை மூர் மார்க்கெட்டில் புத்தகம் வாங்கிய கதைகளைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைப் போன்ற இடம் இப்போது உண்டா?

அதைப் போன்ற இடம் இல்லை. 1900-இல் திறக்கப்பட்ட அந்தச் செந்நிறக் கட்டடம் 1985 மே 30 அன்று எரிந்துபோனது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில்கள் நிற்கின்றன. கடைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே மாற்று வளாகம் தந்தார்கள். இன்றும் அங்கே பழைய புத்தகங்கள் கிடைக்கின்றன. ஆனால் தேர்வுக்கான வழிகாட்டிகளும் பொறியியல் பாடநூல்களும் போக, மீதி இடத்தில்தான் இலக்கியம் இருக்கிறது.

பழைய மார்க்கெட்டின் சிறப்பு அது புத்தகத்துக்கு மட்டுமான இடமாக இல்லாததுதான். கிளி வாங்கப் போனவர் கிராமபோன் தட்டோடு திரும்புவார். தட்டு தேடிப் போனவர் அரைவிலையில் ஒரு நாவலோடு வருவார். புத்தகம் தேடாதவர் கையில் புத்தகம் சிக்குவதற்கு அப்படிப்பட்ட கூடம் ஒன்று வேண்டும். நான் மாணவனாக இருந்தபோது மழைக்கு ஒதுங்கிய இடத்தில், அட்டை கிழிந்த ஒரு சங்க இலக்கியப் பதிப்பை எடுத்துப் புரட்டினேன். சந்தி பிரித்து, சொற்களைத் தனித்தனியே கண்ணுக்குத் தெரியும்படி அச்சிட்டிருந்தார்கள். அதுவரை செய்யுள் என்றால் அஞ்சி ஓடியவன், அந்தப் பக்கத்தில் முதன்முதலாக ஒரு வரியை அகராதி இல்லாமல் படித்தேன். மர்ரே கம்பெனி எஸ். ராஜம் 1950-களில் மலிவு விலையில் வெளியிட்ட வரிசையில் அது ஒன்று என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். யாரோ ஒருவர் பச்சை மையில் எழுதிய குறிப்புகளுடன் அது இன்றும் என்னிடம் இருக்கிறது.

இப்போது தேட வேண்டுமானால் திருவல்லிக்கேணி பாரதி சாலையில் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடைகளுக்குப் போங்கள். காலையிலேயே போவது நல்லது. வெயில் ஏறினால் கடைக்காரருக்கும் உங்களுக்கும் பேரம் பேசும் பொறுமை போய்விடும். பழைய தமிழ் நூல் வாங்கும்போது மேலட்டையை நம்பாதீர்கள். முகப்புப் பக்கத்தில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். முன்னுரை இருக்கிறதா என்று பாருங்கள். கடைசிப் பக்கத்தில் பிழைதிருத்தம் இருந்தால் வாங்கலாம். தன் பிழைகளைத் தானே அச்சிட்ட பதிப்பாசிரியர் உழைத்தவராகவே இருப்பார்.

அதே பகுதியில் திருவேட்டீசுவரன்பேட்டையில்தான் உ.வே. சாமிநாதையர் வாழ்ந்த 'தியாகராச விலாசம்' இருந்தது. ஏட்டுச் சுவடிகளோடு அவர் போராடிய அந்த வீட்டை 2012-இல் இடித்துவிட்டார்கள். காப்பாற்ற வேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்டது போதவில்லை.

மு. ஆ., இராமநாதபுரம்: முனைவர் பட்டத்துக்காகப் பழைய தமிழ் இதழ்களைப் பார்க்க வேண்டும். சென்னையில் யாரையும் தெரியாது. எங்கே தொடங்குவது?

யாரையும் தெரிந்திருக்கத் தேவையில்லை. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தொடங்குங்கள். அதன் கதையே ஓர் ஆய்வுக்கு உரியது. காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்த முத்தையா, எவரும் குப்பை என்று தள்ளும் நாடகத் துண்டறிக்கை, பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை வரை எல்லாவற்றையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. கடல் கடந்து எடுத்துப் போகாமல் சென்னையிலேயே 1994-இல் நூலகமாக அமைத்தார்கள். பிற நாடுகளுக்குப் போன நம் செல்வங்களைப் பற்றிப் பேசும்போது, போகாமல் நின்ற இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து எழும்பூர் கன்னிமாரா. 1896-இல் திறக்கப்பட்டது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. பழைய கட்டடத்தில் தேக்கு அலமாரிகளும் வண்ணக் கண்ணாடிகளும் உள்ள கூடத்தை, வேலை இல்லாவிட்டாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சுவடிகளுக்குப் பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகம் இருக்கிறது. கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம் புதிய நூல்களுக்கும், குளிர்ச்சியான இடத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கும் ஏற்றது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எங்கே போனாலும் துறைத்தலைவரின் கடிதமும் பென்சிலும் கையில் இருக்கட்டும்.

சு. லெ., நாகர்கோவில்: ஓவியம் பயிலும் என் மகளுக்குச் சென்னையில் நல்ல ஓவியங்களைக் காட்ட வேண்டும். எங்கே அழைத்துப் போகலாம்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டல ஓவியக் கிராமத்துக்கு அழைத்துப் போங்கள். ஆனால் அதற்கு முன்பு ஒரு கதையைச் சொல்லிவிட்டு அழைத்துப் போங்கள். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளிக்கு, 1929-இல் வங்காளத்தைச் சேர்ந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வரானார். மெரினாவில் நான்கு பேர் பாறையைப் புரட்டும் உழைப்பாளர் சிலை அவர் வடித்தது. அவருக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கருக்கு, படிப்பை முடித்த மாணவர்கள் ஓவியத்தை விட்டுவிட்டு ஏதோ ஒரு வேலைக்குப் போய்விடுவது உறுத்தியது. ஓவியம் விற்காது. எனவே பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தைச் சேர்த்து, 1966-இல் கடற்கரை மணலில் நிலம் வாங்கினார்கள். பகலில் வயிற்றுக்கு, மற்ற நேரத்தில் ஓவியத்துக்கு என்று வாழ்ந்தார்கள். அரசும் செல்வந்தரும் கட்டித் தராமல், கலைஞர்கள் தாங்களே கூடிக் கட்டிக்கொண்ட ஊர் அது. ஓவியத்தால் சோறு கிடைக்குமா என்று உங்கள் வீட்டில் யாரேனும் கேட்டிருந்தால் இந்தக் கதை உதவும்.

அங்குள்ள காட்சிக்கூடத்தில் உங்கள் மகள் கோடுகளைக் கவனிக்கட்டும். வண்ணத்தைவிடக் கோடு முந்தி நிற்பது சென்னை ஓவியர்களின் அடையாளம். கே.எம். ஆதிமூலத்தின் கோட்டோவியங்கள் சிற்றிதழ்களின் அட்டைகளிலும் நூல்களிலும் இடம்பெற்றதால், கண்காட்சிக்குப் போகாத தமிழ் வாசகர்களுக்கும் நவீன ஓவியம் வீட்டுக்குள் வந்தது.

வ. எ., புதுச்சேரி: கானாவைக் கலை என்று சொல்வது மிகையில்லையா? சாவு வீட்டுப் பாட்டுத்தானே அது?

சாவு வீட்டுப் பாட்டு என்பதால்தான் கலை. விடிய விடியப் பிணத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டிய உறவினர்களைத் தூங்கவிடாமலும், அழுது ஓய்ந்துபோகவிடாமலும், இறந்தவரின் பெயரையும் தொழிலையும் குறும்பையும் அங்கேயே சொல்லாகக் கட்டிப் பாடுவது எளிதென்று நினைப்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம். வடசென்னையின் துறைமுகக் கூலிகளும் ரிக்‌ஷாக்காரர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வாழ்ந்த குடிசைப் பகுதிகளில், கையில் கிடைத்த பெட்டியையும் பாத்திரத்தையும் தட்டி வளர்ந்த பாட்டு அது. தஞ்சாவூர் வாசகர் கேட்டாரே, வேறெங்கிருந்தும் வராமல் இந்த மண்ணிலேயே முளைத்தது எது என்று, அவருக்கான பதிலும் இதுவே.

சினிமா அதை எடுத்துக்கொண்டு துள்ளலை வைத்துக்கொண்டது, துக்கத்தை விட்டுவிட்டது. நீங்கள் கேட்டிருப்பது அந்தப் பாதியாக இருக்கலாம். கானாவும் ராப்பும் பாடும் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற குழு 2018 தொடக்கத்தில் மேடையேறியதும், 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' விழா தொடங்கியதும் நல்ல திருப்பங்கள். சபாக்களுக்கே உரியது என்று நினைத்திருந்த மாதத்தில் பறையும் ஒப்பாரியும் கானாவும் ஒலித்தன. அதற்கும் முன்பு, 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர்களின் நடுவே கர்நாடக இசையும் பறையாட்டமும் ஒரே மேடையில் நடந்தன. பறைக்குச் சபாவின் மாலை மேடை இன்னும் எட்டாத தொலைவில்தான் இருக்கிறது.

அ. ஜோ., தூத்துக்குடி: புத்தகக் காட்சியில் வாங்கிய நூல்களில் பாதியைக்கூட நான் படிப்பதில்லை. இது வீண் செலவா?

இல்லை. 1977-இல் அண்ணா சாலைப் பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு கடைகளோடு தொடங்கிய காட்சி, நந்தனத்தில் நூற்றுக்கணக்கான கடைகளாக விரிந்ததற்கு உங்களைப் போன்றவர்களே காரணம். ஆனால் பத்து விழுக்காடு தள்ளுபடிக்காக வாங்காதீர்கள். அதைவிட அதிகம் வெளியே பஜ்ஜிக்குச் செலவாகிறது.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, கரூர்: மருத்துவரைப் பார்க்கச் சென்னை வருகிறேன். ஒரு பகல் மட்டும் கையில் இருக்கும். ஒரே ஓர் இடம் சொல்லுங்கள்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிக் கூடம். எல்லாக் கட்டடங்களையும் பார்க்க முயல வேண்டாம், களைத்துப்போவீர்கள். அமராவதிச் சிற்பங்களை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். திருவாலங்காட்டு நடராசருக்கு முன்னால் போய் நில்லுங்கள். பிறகு திருவெண்காட்டு அர்த்தநாரியிடம் வாருங்கள். ஒரே உடலில் இடுப்பின் வளைவு ஒரு பக்கம் எப்படி மாறுகிறது என்பதை முன்னால் நின்று பார்த்து, பக்கவாட்டில் ஓரடி நகர்ந்து மறுபடியும் பாருங்கள். அதற்கே அரைமணி நேரம் ஆகும். கோயிலில் பட்டும் மாலையும் சார்த்தியிருப்பதால் நமக்குக் கிடைக்காத காட்சி அது. வெள்ளிக்கிழமை மட்டும் வந்துவிடாதீர்கள், அன்று விடுமுறை.